மணி எண்ணி மலை அளந்த ஆசிரியர்

(கரிவலம்வந்தநல்லூரில் நடைபெற்ற குறுவள மையக் கூட்டத்தில் சமூக அறிவியல் பட்டதாரி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'வரைபடத் திறன்' என்ற தலைப்பில் பேசும்படி என்னைக் கேட்டுக்கொண்டார்கள். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் வரைபட வினா இருக்கிறது. மெல்லக் கற்கும் மாணவர்களுக்கு அதுதான் கை கொடுக்கும் என்று நாம் எல்லோரும் பயிற்சி கொடுக்கிறோம். ஆரவல்லியைக் குறி, சில்கா ஏரியைக் குறி, நர்மதையைக் குறி என்கிறோம். பிள்ளைகளும் குறிக்கிறார்கள், மதிப்பெண்ணும் கிடைக்கிறது. அதில் தவறில்லை. ஆனால் அந்த மாணவனிடமே "உங்க வீட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு வரும் வழியை வரைந்து காட்டு" என்று சொன்னால் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறான். வரைபடம் என்பது புள்ளி வைப்பதற்கான தாள் என்று அவன் நினைத்துவிட்டான். அது வழி தேடும் கருவி என்பது அவனுக்குத் தெரியவில்லை.

ஆகவே இன்று வழியே இல்லாத மலைகளில் வழி தேடியவர்களைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். அவர்களில் முதன்மையானவர் நம்மைப் போல ஒரு பள்ளி ஆசிரியர். எனவே இது நம் வீட்டுக் கதைதான்.

மிலம் கிராமத்து ஆசிரியர்

இமயமலையில், இன்றைய உத்தராகண்ட் மாநிலம் பித்தோராகர் மாவட்டத்தில், ஜோகார் பள்ளத்தாக்கில் மிலம் என்றொரு கிராமம் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து 3,400 மீட்டர் உயரம் இருக்கும். திபெத்தோடு உப்பும் கம்பளியும் வணிகம் செய்த மக்கள் வாழ்ந்த ஊர். குளிர்காலத்தில் பனி மூடிவிடும் என்பதால் ஊரே மூட்டை முடிச்சுகளோடு கீழ்ப் பள்ளத்தாக்குக்கு இறங்கிவிடும். அந்த ஊரில் 1830இல் பிறந்தவர் நைன் சிங் ராவத். 1858 முதல் அந்த ஊர் அரசுப் பள்ளியில் ஆசிரியராக இருந்தார். வட இந்தியாவில் ஆசிரியரைப் 'பண்டிட்' என்று அழைப்பார்கள். இமயத்துக்கு அப்பால் நிலத்தை அளக்கச் சென்ற இந்தியர்கள் அனைவருக்கும் பிற்காலத்தில் 'பண்டிட்டுகள்' என்ற பெயர் நிலைத்துப்போனது. அந்தப் பெயர் ஒரு பள்ளிக்கூடத்திலிருந்துதான் புறப்பட்டது.

அன்றைய நிலைமையைச் சற்று நினைத்துப் பாருங்கள். 1802 ஏப்ரல் 10ஆம் நாள் சென்னையில், பரங்கிமலைக்கு அருகே, வில்லியம் லாம்டன் அடிக்கோடு அளக்கத் தொடங்கினார். அங்கே தொடங்கிய முக்கோண அளவைப் பணி தமிழ்நாடு முழுவதும் பரவி, வடக்கே நகர்ந்து, அரை நூற்றாண்டில் இமயமலை அடிவாரத்தை எட்டிவிட்டது. இந்தப் பக்கம் நின்று கருவியால் பார்த்தே சிகரங்களின் உயரத்தைக் கணக்கிட்டார்கள். ஆனால் சிகரங்களுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது? திபெத் அயல்நாட்டாருக்குக் கதவை மூடியிருந்தது. வெள்ளைக்காரர் போனால் உடனே தெரிந்துவிடும். அங்கே போய்வரக்கூடியவர்கள் எல்லை மக்களே என்று நில அளவைத் துறையின் கேப்டன் மாண்ட்கோமரி முடிவு செய்தார். அப்போது குமாவுன் பகுதியில் கல்வி அதிகாரியாக இருந்த எட்மண்ட் ஸ்மித்தின் பரிந்துரையில் 1863இல் நைன் சிங்கும் அவருடைய உறவினர் மணி சிங்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள்.

டேராடூனில் இரண்டாண்டுப் பயிற்சி. அந்தப் பயிற்சிதான் நமக்கு முக்கியம். மேட்டிலும் பள்ளத்திலும் சமவெளியிலும் ஒரே அளவாகத் தப்படி வைத்து நடக்கப் பழக்கினார்கள். நைன் சிங்கின் தப்படி 33 அங்குலம், ஏறத்தாழ 84 சென்டிமீட்டர். ஜெபமாலையில் 108 மணிகள் இருக்கும் அல்லவா? அவருடைய மாலையில் 100 மணிகள்தாம். நூறு தப்படிக்கு ஒரு மணி தள்ள வேண்டும். மாலை ஒரு சுற்று வந்தால் 10,000 தப்படி, அதாவது 8.4 கிலோமீட்டர். கையில் வைத்துச் சுற்றும் பிரார்த்தனை உருளைக்குள் மந்திரச் சுருளுக்குப் பதிலாகக் குறிப்புத் தாள். ஊன்றுகோலுக்குள் வெப்பமானி. பெட்டியின் மறைவான அடித்தட்டில் கோணம் அளக்கும் செக்ஸ்டன்ட். சோழிக்குள் பாதரசம். அதைக் கிண்ணத்தில் ஊற்றினால் அசையாத மட்டம் கிடைக்கும், அதில் நட்சத்திரத்தின் பிம்பத்தைப் பார்த்து அட்சரேகையைக் கணக்கிடலாம். பார்க்கிறவர்களுக்கு அவர் மாலை உருட்டிக்கொண்டு போகும் ஒரு யாத்ரீகர், அவ்வளவுதான்.

1865இல் புறப்பட்டு, நேபாளம் வழியாகத் திபெத்துக்குள் நுழைந்து, வணிகர் கூட்டத்தோடு சேர்ந்து நடந்து, 1866 ஜனவரியில், கடும் குளிரில், லாசா நகரை அடைந்தார். கையில் பணம் தீர்ந்தபோது என்ன செய்தார் தெரியுமா? அங்கிருந்த நேபாள வணிகர்களுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துப் பிழைத்தார். எங்கே போனாலும் ஆசிரியர் ஆசிரியர்தான். அனுமதியில்லாமல் லாசாவுக்குள் வந்த ஒருவரைப் பலர் முன்னிலையில் தலை வெட்டிக் கொன்றதை அவர் கண்ணால் பார்த்தார். அதன் பிறகு வெளியே நடமாடுவதைக் குறைத்துக்கொண்டார், ஆனால் அளப்பதை நிறுத்தவில்லை. திரும்பி வந்தபோது 1,200 மைல் வழித்தடம், 31 இடங்களின் அட்சரேகை, 33 இடங்களின் உயரம் அவர் கையில் இருந்தன. லாசாவின் உயரம் அவர் கணக்கில் சுமார் 3,420 மீட்டர். இன்று சொல்லப்படுவது சுமார் 3,650 மீட்டர். தண்ணீரைக் கொதிக்கவைத்து வெப்பமானியைப் பார்த்துச் சொன்ன கணக்கு அது! 1874-75இல் லேயிலிருந்து லாசா வழியாக அசாம் வரை இன்னொரு நீண்ட பயணம் போனார். 1877இல் லண்டன் ராயல் புவியியல் கழகம் அவருக்குத் தங்கப் பதக்கம் அளித்தது. 2004இல் இந்திய அஞ்சல் துறை அவருடைய உருவத்தோடு தபால்தலை வெளியிட்டது.

யாருக்காக அளந்தார்?

வகுப்பில் இந்தக் கதையைச் சொன்னால் எட்டாம் வகுப்பிலேயே ஒரு பிள்ளை எழுந்து கேட்கும்: "சார், அப்போ அவர் ஒற்றரா?" கேட்க வேண்டிய கேள்வி. ஆமாம் என்றுதான் சொல்ல வேண்டும். அவர் அளந்தது ஓர் ஏகாதிபத்திய அரசுக்காக. தன் நாட்டை அளக்க வேண்டாம் என்று திபெத்தியர்கள் சொல்ல அவர்களுக்கு உரிமை இருந்தது. வரைபடம் யார் கையில் இருக்கிறதோ அவர் கையில் அதிகாரமும் சேர்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் பாடம் கிடையாது. அவருடைய திறமையைப் பாராட்டுவதும், அந்தத் திறமை யாருக்குப் பயன்பட்டது என்று கேட்பதும் ஒரே வகுப்பில் நடக்கலாம். வரலாற்றுப் பாடம் அதற்காகத்தானே இருக்கிறது.

இந்தக் கதையின் மறுபக்கம் கிந்தப். சிக்கிமைச் சேர்ந்தவர், எழுதப் படிக்கத் தெரியாதவர். திபெத்தில் ஓடும் சாங்போ ஆறுதான் அசாமில் பிரம்மபுத்திராவாக வருகிறதா என்று கண்டுபிடிக்க, 1880இல் ஒரு லாமாவோடு அவரை அனுப்பினார்கள். அந்த லாமா கிந்தப்பை அடிமையாக விற்றுவிட்டுப் போய்விட்டார். கிந்தப் தப்பித்தார். தப்பித்தவர் நேரே வீட்டுக்கு ஓடவில்லை, ஒப்புக்கொண்ட வேலையைச் செய்யப் போனார். அடையாளமிட்ட 500 மரத்துண்டுகளைத் தயார் செய்து, இன்ன தேதியில் ஆற்றில் விடுகிறேன், கீழே அசாமில் கவனியுங்கள் என்று கடிதம் அனுப்பச் செய்து, நாளுக்கு 50 துண்டுகள் வீதம் பத்து நாள் ஆற்றில் விட்டார். கடிதம் உரிய காலத்தில் போய்ச் சேரவில்லை. அந்த மரத்துண்டுகள் மிதந்து போனதை யாரும் பார்க்கவில்லை.

நான்கு ஆண்டுகள் கழித்து அவர் திரும்பி வந்து சொன்னதை இன்னொருவர் எழுதிக்கொண்டார். எழுதியதில் ஓர் அருவியைப் பற்றிய குறிப்பில் பிழை நேர்ந்தது. அதை வைத்து அவர் சொன்ன மொத்தத்தையும் பலர் சந்தேகப்பட்டார்கள். 1913இல் பெய்லி, மோர்ஸ்ஹெட் என்ற இரண்டு அதிகாரிகள் அதே பள்ளத்தாக்கில் நடந்து பார்த்தபோதுதான், அவர் சொன்ன ஊர்களும் தூரங்களும் பெரும்பாலும் சரி என்று தெரிந்தது. அதுவரை அவர் டார்ஜிலிங்கில் தையல்காரராக இருந்தார்.

கிந்தப்பைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் நம் கடைசி வரிசைப் பிள்ளைகள் என் நினைவுக்கு வருகிறார்கள். என் வகுப்பில் ஒரு மாணவன் இருக்கிறான். விடுமுறை நாளில் ஆடு மேய்க்கப் போகிறவன். எழுத்துக் கூட்டிப் படிப்பதே சிரமம். நிட்சேப நதியை வரையச் சொன்ன அன்று, எந்த இடத்தில் மணல், எந்த இடத்தில் பாறை, மழை பெய்தால் எந்தப் பக்கம் முதலில் நீர் ஏறும், ஆடுகளை எங்கே கடத்துவார்கள் என்று கோடு கோடாக இழுத்துக்கொண்டே போனான். ஊர்ப் பெயர்களில் எழுத்துப் பிழைகள் இருந்தன. நிலத்தில் பிழை இல்லை. நாம் சிவப்பு மையால் சுழிக்கும்போது எதைச் சுழிக்கிறோம் என்று ஒரு நொடி நிறுத்திப் பார்க்க வேண்டும்.

கோடை வழி வேறு, குளிர்கால வழி வேறு

மலையேறுபவர்கள் சிகரத்துக்குப் போவதற்கு முன் வழி பார்க்கத் தனியாகப் போவார்கள். நந்தாதேவி சிகரத்தைச் சுற்றி மதில் போல மலைகள். ரிஷிகங்கை ஆறு வெட்டிய செங்குத்தான பள்ளம் ஒன்றுதான் உள்ளே போகும் வாசல். பல ஆண்டுகள் பலர் முயன்றும் முடியாத அந்த வாசலுக்குள் 1934இல் எரிக் ஷிப்டனும் டில்மனும் நுழைந்தார்கள். அவர்களோடு ஆங்தார்கே, பசாங், குசாங் என்ற மூன்று ஷெர்பாக்கள். அந்த ஆண்டு அவர்கள் சிகரம் ஏறவில்லை. வழியை மட்டும் கண்டுபிடித்துக்கொண்டு திரும்பினார்கள். அந்த வழியில் போய்த்தான் 1936இல் டில்மனும் ஓடெலும் சிகரத்தை எட்டினார்கள். சிகரம் ஏறியவர் பெயர் பாடநூலில் வருகிறது. வழி பார்த்தவர் பெயரையும் நாம் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சியாச்சின் பனியாற்றுக்கு 1978இலும் 1981இலும் குழுவை அழைத்துச் சென்று வழி பார்த்தவர் கர்னல் நரேந்திர குமார். குல்மார்க்கிலுள்ள உயர்மலைப் போர்ப் பயிற்சிப் பள்ளியின் தலைவராக இருந்தவர். அதற்கும் முன்னால் ஒரு மலைப் பயணத்தில் பனிக்கடியால் நான்கு கால்விரல்களை இழந்தவர். அவர் கொண்டுவந்த வரைபடங்களும் படங்களும் 1984 ஏப்ரல் 13 அன்று இந்திய ராணுவம் அங்கே ஏறியபோது பயன்பட்டன. மலை இன்னும் குளிர்காலப் பனியில் இருந்த நாள்கள் அவை.

வழி பார்ப்பவர் எதைப் பார்க்கிறார்? கோடையில் நடந்த பாதை குளிர்காலத்தில் பாதையாக இருக்காது. 30 முதல் 45 டிகிரி வரை சாய்ந்த சரிவில் புதுப்பனி விழுந்தால் அது சரிந்து வரக்கூடும். கோடையில் வசதியாக இருந்த அந்தச் சரிவை விட்டு மேட்டு விளிம்பில் நடக்க வேண்டும். காலையில் உறைந்து இறுகிய பனி ஆளைத் தாங்கும், மதியம் வெயில் ஏறினால் முழங்கால் வரை புதையும். ஆகவே விடியுமுன் நடந்து, வெயில் ஏறுமுன் கடந்துவிட வேண்டும். திரும்பும் நேரம் என்று ஒன்றை முன்கூட்டியே வைத்துக்கொள்வார்கள். சிகரம் கண்ணுக்கு முன்னால் தெரிந்தாலும் அந்த நேரம் வந்தால் திரும்பிவிட வேண்டும்.

இதற்கு நேர்மாறாக, குளிர்காலத்தில் மட்டும் திறக்கும் வழியும் உண்டு. லடாக்கில் சான்ஸ்கார் பள்ளத்தாக்குக்குக் கணவாய்கள் பனியால் மூடியபின் போக வழியில்லை. ஆனால் ஜனவரி, பிப்ரவரியில் ஆறு உறைந்துவிடும். அந்தப் பனிப்பலகைமேல் நடப்பார்கள். 'சாதர்' என்று பெயர், விரிப்பு என்று பொருள். ஊர்ப் பெரியவர்கள் கோலால் தட்டி, ஓசையை வைத்தே பனி தாங்குமா தாங்காதா என்று சொல்லிவிடுவார்கள். லேயில் விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளைப் பெற்றோர் அந்த உறைந்த ஆற்றின் மேல் பல நாள் நடத்திக் கூட்டிப் போயிருக்கிறார்கள். பள்ளிக்கூடம் போவதற்காக! அண்மை ஆண்டுகளில் சாலை வெட்டப்பட்டு அந்த நிலை மாறி வருகிறது.

நமக்குப் பனி இல்லை, பருவம் உண்டு

"பனி பெய்யாத ஊரில் இதெல்லாம் எதற்கு?" என்று கேட்கலாம். நம் ஊருக்கு மேற்கே பாருங்கள். சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி மலைகள் சுவர் போல நிற்கின்றன. அந்த மலையில் பெய்யும் மழைதான் ஓடையாக இறங்கி நம் கண்மாய்களை நிரப்புகிறது. நமக்குக் குளிர்காலம் என்பது ஐப்பசி, கார்த்திகை. சித்திரையில் நடந்து கடக்கும் ஓடை கார்த்திகையில் ஆளை இழுக்கும். ஒரே இடம்தான், வழி மட்டும் வேறு.

2024 மே மாதம் நம் தென்காசி மாவட்டத்தில், பழைய குற்றாலத்தில், திடீரென வந்த வெள்ளத்தில் ஒரு பள்ளி மாணவர் உயிரிழந்தார். அருவியில் நின்றவர்களுக்கு மலைமேல் பெய்த மழை தெரியாது. நீரின் நிறம் மாறுவது, இலையும் சுள்ளியும் மிதந்து வருவது, மலைமேல் மேகம் கறுப்பது, இரைச்சல் கூடுவது ஆகியவை ஆபத்துக்கு முன்னால் வரும் அறிகுறிகள். ஒரு பிள்ளைக்கு இவை தெரிந்திருந்தால் பக்கத்தில் நிற்பவர்களையும் கரையேற்றிவிடும். 2018 மார்ச் 11ஆம் நாள் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி மலையேற்றம் சென்ற 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காய்ந்த புல், செங்குத்துச் சரிவு, மேல்நோக்கி வேகமாக ஏறும் தீ. அதுவும் பருவத்தைப் பொறுத்த ஆபத்துதான்.

ஆகவே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நான் யாரையும் பிள்ளைகளை மலைக்குக் கூட்டிப் போகச் சொல்லவில்லை. மலைக்காடு வனத்துறையின் பாதுகாப்பில் உள்ளது. அனுமதி இல்லாமல் போகக் கூடாது. மாணவர்களைப் பொறுத்தவரை தலைமையாசிரியர், பெற்றோர், கல்வி அலுவலர் ஒப்புதலும் வேண்டும். இந்த மலைகளை உண்மையில் அறிந்தவர்கள் அங்கே வாழும் பளியர் மக்கள். தேனடை எங்கே, ஊற்று எங்கே, எந்த மாதம் எந்தத் தடம் திறந்திருக்கும் என்பது அவர்களுடைய அறிவு. நாம் கற்றுக்கொடுக்க வேண்டியதைப் பள்ளி வளாகத்திலேயே கற்றுக்கொடுக்க முடியும்.

வகுப்பறையில் செய்யக்கூடியவை

முதலாவது, தப்படி. மைதானத்தில் நாடாவால் 50 மீட்டர் அளந்து கோடு போடுங்கள். ஒவ்வொரு பிள்ளையும் இயல்பாக நடந்து எண்ணட்டும். 50ஐ அந்த எண்ணிக்கையால் வகுத்தால் தன் தப்படியின் நீளம் கிடைக்கும். மூன்று முறை நடந்து சராசரி எடுக்க வேண்டும். பிறகு பள்ளிச் சுற்றுச்சுவரைத் தப்படியால் அளந்து, நாடாவால் சரிபார்க்கலாம். பிழை எவ்வளவு சதவீதம் என்பது ஏழாம் வகுப்புக் கணக்கு. நூறு புளியங்கொட்டையைப் பையில் போட்டுக்கொண்டு நூறு தப்படிக்கு ஒன்று வெளியே எடுத்தால் நைன் சிங்கின் மாலை தயார். 1,200 மைலுக்கு 33 அங்குலத் தப்படி எத்தனை என்று கேளுங்கள். 23 லட்சத்தைத் தாண்டும். அந்த எண்ணைக் கரும்பலகையில் எழுதிய பிறகு வகுப்பு சற்று நேரம் பேசாமல் இருக்கும்.

இரண்டாவது, கொதிநிலை. ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்துக்கு ஒரு டிகிரி செல்சியஸ் வீதம் தண்ணீரின் கொதிநிலை குறையும். நம் ஊரில் ஏறத்தாழ 100, கொடைக்கானலில் 93 அளவில், லாசாவில் 88 அளவில். மலையில் பருப்பு ஏன் வேகத் தாமதமாகிறது என்பதற்கும் இதுதான் விடை. அறிவியல் ஆசிரியரும் சமூக அறிவியல் ஆசிரியரும் சேர்ந்து ஒரே பாடவேளையில் நடத்தலாம்.

மூன்றாவது, நிழல். மார்ச் 21, செப்டம்பர் 23 ஆகிய நாள்களை ஒட்டி, ஒரு மீட்டர் குச்சியை நேராக நட்டு, நிழல் மிகக் குட்டையாகும் நேரத்தில் அளந்து பாருங்கள். நம் ஊரில் 16 சென்டிமீட்டர் அளவில் இருக்கும். அந்தக் கோணம்தான் நம் அட்சரேகை, ஏறத்தாழ 9 டிகிரி. அட்சரேகை என்பது பூகோள உருண்டையில் வரைந்த கோடு மட்டுமல்ல, நம் காலடி நிழலில் இருப்பது என்று அன்றைக்குப் பிள்ளைக்குப் புரியும்.

நான்காவது, இரு பருவ வரைபடம். இதுதான் நான் உங்களிடம் வேண்டிக் கேட்பது. வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழியைக் கோடைக்கு ஒன்று, மழைக்காலத்துக்கு ஒன்று என இரண்டாக வரையச் சொல்லுங்கள். எங்கே தண்ணீர் தேங்கும், எந்தத் தரைப்பாலம் மூழ்கும், மின்கம்பி எங்கே தாழ்வாக இருக்கிறது, மூடாத கிணறு எங்கே இருக்கிறது, மாற்று வழி எது என்று குறிக்க வேண்டும். தாத்தா, ஆச்சி, ஆடு மேய்ப்பவர், கண்மாய் மடை பார்ப்பவர் ஆகியோரிடம் கேட்டு எழுத வேண்டும். நான்கைந்து தெருப் பிள்ளைகளின் படங்களைச் சேர்த்தால் ஊருக்கே ஒரு மழைக்கால வரைபடம் கிடைத்துவிடும். அதைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வையுங்கள். தரைப்பாலம் மூழ்கும் நாளில் எந்தத் தெருப் பிள்ளைகளை எந்த நேரத்தில், எந்த வழியாக அனுப்புவது என்று முடிவெடுக்க அது உதவும். ஐப்பசி பிறப்பதற்கு முன் இதைச் செய்துவிட வேண்டும், ஏனென்றால் வழி பார்ப்பது எப்போதும் பருவத்துக்கு முன்னால் செய்யும் வேலை.

கைப்பேசி இருக்கும்போது இதெல்லாம் தேவையா என்று சிலர் கேட்பார்கள். கைப்பேசி வழி காட்டும், நல்லது. ஆனால் நேற்றைய மழையில் எந்த ஓடைக்கரை உடைந்தது என்று அதற்குத் தெரியாது. அது நம் பிள்ளைக்குத் தெரியும். அந்த அறிவைத் தாளில் ஏற்றக் கற்றுக்கொடுப்பது நம் வேலை.

மலையை அளந்தவர் பள்ளிக்கூட ஆசிரியர் என்று தொடங்கினேன். அவர் பயன்படுத்திய கருவிகளில் பெரும்பாலானவை நம் பள்ளிகளிலும் இருக்கின்றன: கால்கள், எண்ணத் தெரிந்த மனம், ஒரு வெப்பமானி, நிழல் விழும் வெயில். வரும் பருவத்தில் நம் குறுவள மையத்துக்கு உட்பட்ட ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் ஒரு மழைக்கால வரைபடம் வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.